புறாக்களுக்குப் போன தண்ணீர்

விளாத்திகுளம்
18.8.1998

என் அன்புள்ள அத்தானுக்கு,

பூங்கொடி வணக்கத்துடன் எழுதுகிறேன். இங்கே நான் சுகம். மாமா முன்னைக்கு இப்போது நல்ல சுகம். ஆறு புறாக்களும் சுகம். சார்ஜாவில் நீங்களும் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் சாமி கும்பிடுகிறேன். புறா எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். அவசரப்படாதீர்கள், சொல்கிறேன்.

போனில் நீங்கள் பேசியபோது எஸ்.டி.டி. பூத்துக்குள் என் முதுகுக்குப் பின்னால் மூன்று பேர் நின்றுகொண்டிருந்தார்கள். அதனால் எல்லாவற்றுக்கும் ‘சரி, சரி’ என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். இப்போது விவரமாகக் கேளுங்கள். கோவில்பட்டி ஆஸ்பத்திரியில் மாமாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மூளைக்குப் போகிற ரத்தம் அடைத்ததால்தான் வலது கையும் வலது காலும் விழுந்ததாம். இனிமேல் மருந்து பாதி, பயிற்சி பாதி என்று டாக்டர் சொன்னார். பேச்சு கொஞ்சம் குழறுகிறது. ஆனால் திட்டும்போது மட்டும் தெளிவாக வருகிறது.

படுத்தபடி வலது காலைக் கட்டிலை விட்டுத் தூக்குகிறார். துணியைப் பந்தாகச் சுருட்டிக் கையில் கொடுத்தால் விரல்களை மடக்கிப் பிடிக்கிறார். நேற்று சந்தைக் கூட்டாளி பிச்சையா மாமா தோள் கொடுக்க எழுந்தே நின்றுவிட்டார். நின்றதும், ஏதோ சந்தையில் காளை மாட்டை நிறுத்திப் பார்ப்பதுபோல் தன் காலைத் தானே குனிந்து பார்த்தார். தை மாதம் நீங்கள் லீவில் வரும்போது அவரை நடத்திக் காட்டிவிடலாம் என்று எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. அவருக்கும் வந்திருக்கிறது. மாட்டுத் தரகுக்குப் போகும்போது கட்டும் வேட்டியை வெளுத்து வைக்கச் சொன்னார்.

ஆஸ்பத்திரியில் சொர்ணத்தாய் என்று ஒரு நர்ஸ் அக்கா. எனக்கு வகுப்பே எடுத்துவிட்டார். படுக்க வைத்து ஒரு வாய்கூட ஊட்டக் கூடாது, தொண்டை சரியாக விழுங்காததால் நெஞ்சுக்குள் போய்ச் சளி கட்டிக்கொள்ளும், உட்கார வைத்துக் கஞ்சியைக் கெட்டியாகக் கொடு என்றார். அங்கே சிறுநீருக்கு டியூப் போட்டிருந்ததால் கிருமி ஏறியிருக்கலாம், தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும் என்றும் சொன்னார். நான் டம்ளரில் ஊற்றி வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்த் திரும்பினால் டம்ளர் காலியாக இருக்கும். மறுபடி ஊற்றுவேன், மறுபடியும் காலி. ஊரையே அதட்டுகிற மனுஷன் இந்த விஷயத்தில் பச்சைப்பிள்ளை மாதிரி சொன்ன பேச்சைக் கேட்கிறார்.

இப்போது புறா. கைகால் விழுந்தவர்களுக்குப் புறா ரத்தத்தைச் சூட்டோடு தேய்த்தால் சரியாகிவிடும் என்று பிச்சையா மாமா ஒரு ஜோடி கொண்டுவந்தார். சந்தைக்காரர்கள் வேறு இரண்டு ஜோடி கொடுத்துவிட்டார்கள். டாக்டரிடம் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, ரத்தமும் வேண்டாம், எண்ணெயும் வேண்டாம், பயிற்சியை விடாதே என்றார். அன்பாகக் கொண்டுவந்ததைத் திருப்பிக் கொடுத்தால் கோபித்துக்கொள்வார்கள். அறுக்கவும் எனக்கு மனம் வரவில்லை. அதனால் மாமா கட்டிலோரம் கோழி மூடுகிற பஞ்சாரக் கூடையைக் கவிழ்த்து, அதற்குள் விட்டு வைத்திருக்கிறேன். கம்பைத் தின்றுவிட்டுக் கொழுத்துக்கொண்டிருக்கின்றன. மாமாவுக்கும் பார்த்துக்கொண்டிருக்கப் பொழுது போகிறது.

ஒன்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் உங்களிடம்தானே சொல்ல முடியும். பிச்சையா மாமா காலையிலும் சாயங்காலமும் வந்து மாமாவைப் புறக்கடைக்குக் கூட்டிப் போகிறார். இடையில் தேவைப்படுமே என்று ஆஸ்பத்திரியில் கொடுத்த யூரின் கேனைக் கட்டிலுக்கடியில் வைத்திருக்கிறேன். இதுவரை கேட்டதே இல்லை. அவருக்கு அப்படி ஒரு கட்டுப்பாடு. நான் இந்த வீட்டுக்கு வந்து இரண்டு வருஷமாகிறது. இன்னும் காப்பி வேண்டுமென்றால்கூட உத்தரத்தைப் பார்த்துத்தானே கேட்கிறார். உத்தரம் கொண்டுவந்து கொடுக்கும் என்று நினைப்போ என்னவோ.

சாத்தூர் மதினி, மருமகள் இதெல்லாம் பார்ப்பது முறையில்லை, அப்பாவைத் தன் வீட்டுக்கு அனுப்பிவிடு என்கிறார். நீங்கள் அவசரப்பட்டு ஒன்றும் முடிவு செய்ய வேண்டாம். எல்லாம் நன்றாகத்தான் போகிறது.

உங்கள் அன்பு
பூங்கொடி


விளாத்திகுளம்
21.9.1998

அன்புள்ள அத்தானுக்கு,

பயப்படாமல் படிப்பதற்காக முடிவை முதலிலேயே எழுதிவிடுகிறேன். மாமா நன்றாக இருக்கிறார். காய்ச்சல் இறங்கிவிட்டது. கோவில்பட்டியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டோம். இனி நடந்ததைச் சொல்கிறேன்.

போன வாரத்துக்கு முந்தின வாரம், காலையில் கஞ்சி கொண்டுபோனேன். மாமா என்னை நேருக்கு நேராகப் பார்த்தார். பார்த்தவுடனே ஏதோ சரியில்லை என்று எனக்குப் பட்டுவிட்டது. தொட்டால் உடம்பு அனலாகக் கொதிக்கிறது. வலது காலைத் தூக்கச் சொன்னேன், அசையவில்லை. துணிப் பந்து கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. பேச்சும் பழையபடி குழறிவிட்டது. அக்கம்பக்கத்தில் எல்லோரும் இரண்டாவது தடவை வந்துவிட்டது, இனிமேல் ஒன்றும் செய்வதற்கில்லை என்று சொல்லிவிட்டார்கள். பிச்சையா மாமா மட்டும் புறாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வேன் பிடிக்கப் போனார்.

அழுதுகொண்டே போனவள், ஆஸ்பத்திரியில் சிரிக்க வேண்டியதாகிவிட்டது. காய்ச்சல் வேகத்தில் மாமாவுக்கு இடம், காலம் தெரியவில்லை. டாக்டர் குனிந்து கண்ணுக்குள் டார்ச் அடித்தபோது மாமா அவர் தாடையைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் காட்டச் சொன்னார். டாக்டருக்கு விளங்கவில்லை. பிச்சையா மாமாதான், பல்லைப் பார்த்துத்தான் மாட்டுக்கு வயது சொல்வோம், உங்களை வாங்கலாமா வேண்டாமா என்று பார்க்கிறார் என்று விளக்கினார். டாக்டரும் நல்லவர், வாயைத் திறந்து காட்டினார். மாமா பார்த்துவிட்டு வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டார்.

திருநெல்வேலிக்கு அனுப்பி ஸ்கேன் எடுத்தார்கள். புதிதாக அடைப்பு எதுவும் இல்லை. யூரின் டெஸ்டில்தான் விஷயம் தெரிந்தது. சிறுநீரில் கிருமி சேர்ந்து காய்ச்சல் வந்திருக்கிறது. அதற்கும் காலுக்கும் என்ன சம்பந்தம் என்று டாக்டரிடம் சண்டைக்குப் போவதுபோல் கேட்டேன். அவர் பொறுமையாகச் சொன்னார். மூளையில் அடிபட்ட இடம் இப்போதுதான் ஆறிவருகிறது. அந்த நேரத்தில் சிறுநீரிலோ நெஞ்சிலோ கிருமி சேர்ந்து காய்ச்சல் கண்டால், திரும்பி வந்த பலமெல்லாம் மறைந்து, முதல் நாள் மாதிரியே ஆகிவிடும். பார்க்கிறவர்களுக்கு இன்னொரு தடவை வாதம் வந்த மாதிரி இருக்கும். கிருமியை விரட்டிவிட்டால் பெரும்பாலும் பலம் திரும்பிவிடும், ஆனால் தாமதமாக. மறுபடி மறுபடி இப்படி வந்தால் திரும்புவது குறைந்துகொண்டே போகும், உயிருக்கும் ஆபத்து என்றார்.

எவ்வளவு தண்ணீர் கொடுத்தாய் என்று கேட்டார். குடம் குடமாகக் கொடுத்தேன் என்றேன். இது தண்ணீர் குடிக்கிற ஆளின் சிறுநீர் இல்லையே அம்மா என்றார். எனக்கு வந்ததே கோபம். என் கையால் ஊற்றி வைத்ததை இவர் இல்லை என்கிறாரே என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

ஊசி போட்டுக் காய்ச்சல் விட்டதும் வீட்டுக்கு வந்தோம். வந்த அன்றே, டம்ளரை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனவள் மறந்து வைத்துவிட்ட கரண்டியை எடுக்கத் திரும்பி வந்தேன். மாமா நல்ல கையால் டம்ளரைப் பிடித்து, கட்டிலோரம் சாய்ந்து, பஞ்சாரத்துக்குள் இருந்த சட்டியில் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தார். ஒரு சொட்டு கீழே சிந்தவில்லை. புறாக்களும் பழக்கப்பட்ட மாதிரி வரிசையாக வந்து நின்றன.

பைப்பில் தண்ணீர் வராத நாள் வந்த நாளைவிட அதிகமாக இருக்கிற ஊர் இது. தரையில் கொட்ட அவருக்கு மனம் வரவில்லை. ஆனால் குடிக்கவும் மனமில்லை. நான் நிற்பதைப் பார்த்ததும் டம்ளரைக் கட்டிலில் வைத்தார். என்னைப் பார்க்காமல் சொன்னார்.

“குடிச்சா போகணும்லா. போகணும்னா ஒன்னக் கூப்பிடணும்லா.”

அத்தான், எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தது. அவர்மேல் காட்ட முடியாமல், புறாக்களைப் பிடித்து, தின்றுவிட்டுத் தண்ணீரும் குடிக்கிறீர்களா என்று திட்டிக்கொண்டே மொட்டை மாடிக்குக் கொண்டுபோய் விட்டேன். சீக்காளி இருக்கிற அறைக்குள் புறா இருக்கக் கூடாதென்று டாக்டரும் சொல்லியிருந்தார். மேலே நின்று கொஞ்ச நேரம் அழுதேன். மருமகளைக் கூப்பிடக் கூச்சப்பட்டுக்கொண்டு ஒரு மனுஷன் தாகத்தோடு படுத்துக் கிடந்திருக்கிறார். நான் அதைக் கட்டுப்பாடு என்று உங்களுக்குப் பெருமையாக எழுதியிருக்கிறேன்.

மதினி வந்து பார்த்துவிட்டுப் போனார். தீபாவளி கழிந்து கட்டாயம் கூட்டிப் போகப் போவதாகச் சொல்லியிருக்கிறார். இரண்டாவது தடவை படுத்தது என் கவனக்குறைவால்தான் என்று அவர் வாயால் சொல்லவில்லை. ஆனால் எனக்குக் கேட்டது. நீங்களாவது கொஞ்சம் பொறுங்கள். இப்போது வலது கையில் விரல் ஒன்றுகூட மடங்கவில்லை. இந்த நிலையில் அவரை அனுப்பிவிட்டு என்னால் இந்த வீட்டில் நிம்மதியாகச் சாப்பிட முடியாது.

பூங்கொடி


விளாத்திகுளம்
2.11.1998

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. அப்பாவை அக்கா வீட்டில் விட்டுவிடு, நான் வரும்வரை நீ உன் அம்மா வீட்டில் போய் இரு என்று எழுதியிருந்தீர்கள். கோபத்தில் அதை மடித்து அரிசிப் பானைக்குள் போட்டுவிட்டேன். இரண்டு நாள் சோறு வடிக்கும்போதெல்லாம் உங்கள் கையெழுத்தைப் பார்த்து முறைத்தேன். இப்போது கோபம் போய்விட்டது. அதனால் எழுதுகிறேன். இந்தக் கடிதம் கொஞ்சம் நீளம். சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து படியுங்கள்.

புறா விஷயம் தெரிந்த பிறகு மாமாவைக் குடிக்க வைத்துவிட்டேன், பக்கத்திலேயே நின்று. ஆனால் குடித்த பிறகு என்ன? அவர் சொல்ல மாட்டார். எனக்கும் வருதா என்று கேட்க வாய் வரவில்லை. அடக்கிக்கொண்டு நெற்றி வேர்க்கப் படுத்திருப்பார். அடக்குவதும் கெடுதல்தான் என்று சொர்ணத்தாய் அக்கா சொல்லியிருந்தார். ஆள் வைக்கலாமென்று பிச்சையா மாமாவிடம் சொன்னேன். பருத்திக்கும் மிளகாய்க்கும் காட்டு வேலை தொடங்கிவிட்டது, பகலில் இருக்க ஆள் கிடைக்கவில்லை.

பிச்சையா மாமா ஒருநாள் கட்டிலில் உட்கார்ந்து சந்தைக் கதை பேசிக்கொண்டிருந்தார். மாமாவைக் காட்டி, எத்தனை பேர் சுற்றி நின்றாலும் ராமசுப்பு துண்டைப் போட்டுவிட்டால் ஒருத்தனுக்கும் விலை தெரியாது என்றார். உங்களுக்குத் தெரியாததா? மாடு வாங்குகிறவரும் தரகரும் கையின்மேல் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு, அதற்குள் விரலைப் பிடித்தே பேரத்தை முடிப்பார்களே. வாயால் ஒரு பேச்சு கிடையாது. அவர் பேசிக்கொண்டே போனார். நான் அந்தத் துண்டிலேயே நின்றுவிட்டேன்.

மறுநாள் மத்தியானம் மாமாவின் துண்டை எடுத்தேன். அவருடைய நல்ல கையின்மேல் விரித்தேன். மாமனார் கையை மருமகள் தொடுவதாவது. ஒரு விரல் பிடித்தால் தண்ணீர், இரண்டு விரல் பிடித்தால் கேன், கை முழுவதும் பிடித்தால் ஒன்றும் வேண்டாம், போய் வேலையைப் பார் என்று அர்த்தம். இதைச் சொல்லிவிட்டுத் துண்டுக்குள் கையை விட்டேன். அவர் கையை உருவிக்கொண்டு சுவர் பக்கம் திரும்பிவிட்டார். நான் எழுந்திருக்கவில்லை. அவர் சுவரைப் பார்த்தார், நான் காலண்டரைப் பார்த்தேன். காலண்டரில் இருந்த முருகனே சலித்துப்போயிருப்பார். அப்புறம் கை மெதுவாகத் துண்டுக்குள் வந்தது. என் இரண்டு விரலைப் பிடித்தது.

அத்தான், நம் கல்யாணத்தில் நீங்கள் விரல் பிடித்தபோதுகூட எனக்கு அவ்வளவு சந்தோஷம் வரவில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அதன் பிறகு வீட்டுக்குள் தினமும் சந்தைதான். ஒரு சொம்பு குடிக்க வேண்டும் என்பேன். துண்டுக்குள் பாதி விரலை மடக்கி அரை டம்ளர் என்பார். நான் எழுந்து போவதுபோல் பாவனை செய்வேன். இழுத்து உட்கார வைத்து ஒரு டம்ளருக்கு வருவார். கடைசியில் இரண்டு டம்ளரில் முடியும். முடிந்ததும் தனக்குத்தான் லாபம் என்கிற மாதிரி ஒரு சிரிப்பு, கோணல் வாயோடு. எனக்கும் வேண்டியது இரண்டு டம்ளர்தான் என்பதை இதுவரை அவரிடம் சொல்லவில்லை.

சொர்ணத்தாய் அக்கா இதைக் கேட்டுவிட்டு, விழுந்த கையையே துண்டுக்குள் போடச் சொல், அதைவிட நல்ல பயிற்சி கிடையாது என்றார். முதலில் ஒன்றுமே இல்லை. நனைந்த பஞ்சு மாதிரி என் கையில் கிடந்தது. நான் பேரத்தை விடவில்லை. விரல் பிடிக்காவிட்டால் காப்பி கிடையாது என்றேன். காப்பிக்காகத்தான் பிடித்தார் என்று நினைக்கிறேன். ஆள்காட்டி விரல் லேசாக இழுத்தது. தோளால் தள்ளி ஏமாற்றுகிறாரோ என்று துண்டை விலக்கிப் பார்த்தேன். ஏமாற்றவில்லை. அவரும் குனிந்து தன் விரலையே பார்த்தார்.

மறுபடி டெஸ்ட் எடுத்ததில் கிருமி இல்லை. இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல்படிவரை வருகிறார். முதல் தடவையைவிட எல்லாம் மெதுவாகத்தான் நடக்கிறது. அந்தக் காய்ச்சல் தின்றுவிட்டுப் போன நாட்களைத் திருப்பி வாங்க முடியாது, சுண்டுவிரல் வராமலே போகலாம் என்று டாக்டர் உள்ளதைச் சொல்லிவிட்டார். தை மாதத்தில் நீங்கள் பார்க்கும்போது கோல் ஊன்றித்தான் நடப்பார். அதற்கும், இனி ஒரு காய்ச்சல் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். எனக்கு அது போதும். அவருக்கு அது போதாது, தரகுக்குப் போகப் போகிறாராம்.

தீபாவளி முடிந்து மதினி வேனோடு வந்தார். முறுக்கு, அதிரசம், மாமாவுக்குப் புது வேட்டி எல்லாம் கொண்டுவந்தார். அவர் சொன்னதும் நியாயம்தான். மகள் செய்தால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், புருஷன் ஊரில் இல்லாத சின்னப்பெண் நீ ஏன் கஷ்டப்பட வேண்டும் என்றார். பெற்ற மகளிடம் நான் என்ன வாதாடுவது? உங்கள் கடிதமும் அப்படித்தானே சொல்கிறது. உள்ளே போய் மாமாவின் வேட்டிகளை மடித்து எடுத்துவைத்தேன். மடிக்க மடிக்க அது மறுபடி அவிழ்ந்துகொண்டே இருந்தது. என் கைதான் சரியில்லை.

மதினி மாமாவிடம் போய், புறப்படுவோமா அப்பா என்று கேட்டார். மாமா உத்தரத்தைப் பார்க்கவில்லை. மதினியையும் பார்த்தார், கதவோரம் நின்ற என்னையும் பார்த்தார். நிதானமாக, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார்.

“ஏட்டி, இங்கன நான் வெக்கப்பட வேண்டியதெல்லாம் பட்டு முடிச்சிட்டேன். அங்கன வந்தா முதல்லருந்து வெக்கப்படணும். என்னால ஏலாது.”

மதினி, பெற்ற மகளிடம் என்ன வெட்கம் என்று கோபப்பட்டார். அப்புறம் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். வேனைத் திருப்பி அனுப்பிவிட்டு இரண்டு நாள் இங்கேயே தங்கி, எனக்கு ஓய்வு கொடுத்துவிட்டுப் போனார். போகும்போது வேட்டிகளை அவரே எடுத்து அலமாரியில் வைத்தார்.

அதனால் அத்தான், மாமா இங்கேயே இருக்கட்டும். நானும் அம்மா வீட்டுக்குப் போகவில்லை. முறையில்லை என்று ஊரில் யாராவது சொன்னால் சொல்லட்டும். மாமாவுக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதுங்கள். அதில் இதைப் பற்றி ஒன்றும் வேண்டாம். பூங்கொடி சொல்வதைக் கேட்டு நிறையத் தண்ணீர் குடியுங்கள் என்று மட்டும் எழுதுங்கள்.

கடைசியாக ஒன்று. மதினி இங்கே இருந்தபோது வாய் தவறிச் சொல்லிவிட்டார். ஆடி மாதம் நீங்கள் வேலையிடத்தில் வெயிலில் மயங்கி விழுந்து, ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்தீர்களாமே. சிறுநீர்கூடப் போகவில்லையாமே. அந்த மாதம் எனக்கு வந்த கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். ‘இங்கே வெயில் சற்று அதிகம்’ என்று ஒரு வரி இருக்கிறது. அவ்வளவுதான்.

நான் உங்களைத் திட்டவில்லை. யார் பிள்ளை என்று எனக்குத் தெரியாதா? நான் கவலைப்படுவேன் என்றுதான் மறைத்திருப்பீர்கள். ஆனால் உங்கள் பக்கத்தில் துண்டு போட்டு விரல் பிடிக்க யாரும் இல்லை அத்தான். காகிதம்தான் இருக்கிறது. தண்ணீர் குடியுங்கள். உடம்புக்கு எது வந்தாலும், எழுதக் கூச்சமாக இருந்தாலும், என்னிடம் வெட்கப்பட வேண்டியதையெல்லாம் கடிதத்திலேயே பட்டு முடித்துவிட்டு, தை மாதம் நல்லபடியாக வீடு வந்து சேருங்கள்.

உங்களையே நினைத்திருக்கும்
பூங்கொடி